இத்தா நாட்களில் ஒரு மவுத்து

அன்று காலை மாமி துவாலைகளை மடித்து ஒரு பெரிய பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். மாமி என்றால் என் கணவரின் தாயார். நான் உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்தபடி, பாதி திறந்திருந்த கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லெண்ணெய்ப் புட்டி பைக்குள் போயிற்று. சீயக்காய்ப் பொட்டலம் போயிற்று. மாற்றுத்துணி போயிற்று.

தென்காசியில் சாரல் பிடித்திருந்தது. ஜன்னல் கம்பியில் ஈரம் கோத்து நின்றது.

"குத்தாலத்துக்குப் போயிட்டு வாரோம். தண்ணி நல்லா விழுதாம்" என்றார் மாமி. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"எல்லாருமா மாமி?"

"எல்லாருந்தான். வேன் சொல்லியாச்சு. மீன் கொழம்பு இருக்கு, மத்தியானம் சுட வச்சித் தின்னுக்க."

மகன் இறந்து இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அவர் வேலை பார்த்த ஊருக்கே எண்ணெயும் துவாலையுமாகக் குளிக்கப் போகிறார்கள். போகட்டும், இவர்கள் அருவியில் நிற்கும்போது அந்த விடுதி ஆட்கள் யாராவது பார்த்து, 'என்ன பெரியம்மா, குளிக்க வந்தீயளா' என்று கேட்கட்டும். அப்போதாவது உறைக்கட்டும். இப்படியெல்லாம் நினைத்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. எங்கள் வீட்டார் சோற்றுத் தூக்கு இல்லாமல் குற்றாலம் போனதே கிடையாது. அன்று யாரும் சோறு கட்டவில்லை. கொழுந்தனின் பிள்ளைகள் கத்தவில்லை, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடவில்லை. வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு வீடு அமைதியாகிவிட்டது.

சட்டமும் சுவரும்

என் கணவர் மறைந்ததைப் போன வாரம் இதே தொடரில் எழுதியிருந்தேன். குற்றாலத்தில் ஒரு விடுதியில் மேலாளராக இருந்தவர், வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றும்போதே சரிந்துவிட்டார். அதைப் படித்த சிலர், அடுத்து நான் 'இத்தா இருந்தேன்' என்று எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதம் பத்து நாள் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மறுமணம் கூடாது. நகை, பூ, அலங்காரம் கூடாது. இரவில் கணவனின் வீட்டில்தான் தங்க வேண்டும். வயிற்றில் கரு இருந்தால் தெரிந்துவிடும். துக்கத்துக்கும் ஓர் அவகாசம். அந்த நாட்களில் யாரும் அவளை வீட்டைவிட்டுப் போகச் சொல்ல முடியாது என்கிற பாதுகாப்பும் அதற்குள் இருக்கிறது. இதுதான் இத்தா. இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

ஆனால் ஊர் அதோடு நிற்கவில்லை. அறையிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தெருப்பக்க ஜன்னலை அடைத்தார்கள். வானத்தைப் பார்க்கக் கூடாது என்றார்கள். ஆண் குரல் காதில் விழக் கூடாது என்று என் செல்போனை மாமி வாங்கித் தன் முந்தியில் முடிந்துகொண்டார். இதெல்லாம் எந்தக் கிதாபில், எந்த மார்க்க நூலில் இருக்கிறது என்று கேட்டேன். "கிதாபு பாத்தா நாங்க இருந்தோம்? எங்க மாமியா சொன்னா, இருந்தோம்" என்றார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மதுரை வரை போய்ப் பார்க்காத டாக்டர் இல்லை. பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு அறிவியல் நடத்துகிறவள் நான். தலை நரைத்த பிறகு, வயிற்றில் கரு இருக்கிறதா என்று பார்ப்பதற்கான நாட்களை ஓர் இருட்டறையில் கழித்தேன். அந்த வேடிக்கையை நினைத்து ஒரு நாள் தனியாகச் சிரித்துவிட்டேன். கதவுக்கு வெளியே அதைக் கேட்ட மாமி, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

தொழுகை மட்டும் என்னிடம் இருந்தது. ஐந்து வேளையும் பாங்கு கேட்கும். எழுந்து கை கால் முகம் கழுவி ஒளு செய்து, விரிப்பில் நிற்பேன். ஸஜ்தாவில் நெற்றி தரையில் படும்போது மட்டும் அந்த அறை சிறியதாகத் தெரியாது. அல்லாஹ்வுக்கும் அடியாருக்கும் நடுவில் ஆள் கிடையாது. சிபாரிசு வேண்டாம், தரகர் வேண்டாம். இதுதான் எங்கள் மார்க்கத்தின் அடிப்படை என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தார்கள். அதை அப்படியே நம்பியிருந்தேன்.

உம்மா

ஓதிக்கொடுத்தது உம்மாதான். என் தாயார். அச்சன்புதூரில் என் காக்காவோடு இருந்தார். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

உம்மாவுக்கு வாய் அதிகம். நோன்பு வைத்துக்கொண்டு புறம் பேசுகிற பெண்களைக் கண்டால், "பசிச்ச வயித்தோட ஊர் மாமிசத்தத் தின்னுதியளேட்டி" என்று முகத்துக்கு நேரே கேட்பார். பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தைப் பற்றி, "நல்லா ஓதுவாரு. ஆனா பயந்த மனுசன்" என்பார். அதை அவர் மனைவியிடமே சொன்னவர்.

ஊரில் ஒரு பெண் மவுத்தானால், இறந்தவளின் உடலான மையித்தைக் குளிப்பாட்ட உம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். இறந்தவரைக் குளிப்பாட்டி, கஃபன் துணியில் பொதிந்து, தொழவைத்து, அடக்குவது ஊர் மொத்தத்துக்குமான கடமை. சிலர் செய்தால் எல்லோர் பொறுப்பும் தீரும். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளி. பெண்ணைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். மகள் இருந்தால் முதல் உரிமை அவளுக்கு என்பார் உம்மா.

உம்மா அந்த வேலை செய்வதை நான் கூட நின்று பார்த்திருக்கிறேன். உடலைத் துணியால் மூடியபடியே, வலப்பக்கத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவார். தண்ணீரின் சூட்டைத் தன் முழங்கையில் விட்டுப் பார்த்துக்கொள்வார். "மவுத்தானவளுக்கு என்ன தெரியப் போவுது?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "ஒனக்குத் தெரியும்லா" என்றார்.

என் திருமணத்துக்குப் பிறகு, பெருநாளைக்கு ஊருக்குப் போனபோதெல்லாம் ஒரு விஷயத்தைச் சொல்லுவார். "ஏட்டி ஜொகரா, என்னைய நீதான் குளிப்பாட்டணும். ஒம் மதினி கை முரட்டுக் கை." மதினியும் பக்கத்தில் நின்று சிரிப்பாள்.

என் கணவர் இறந்த அன்று உம்மா வந்து என்னைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அவருக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. தென்காசிக்கு வர முடியவில்லை. நானும் போக முடியவில்லை. இடையில் உள்ள தூரம் ஒரு டவுன் பஸ் தூரம்.

பின்சுவரில் செல்லத்தாய்

வேன் போய் வெகு நேரம் கழித்து அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அடுத்த வீட்டுச் செல்லத்தாய். அவள் கணவர் போலீசில் ஏட்டாக இருக்கிறார்.

"டீச்சர்! இங்கனயா இருக்கீய?"

"வேற எங்க போக?"

"அச்சன்புதூருக்குப் போகலியா நீங்க?" அவள் முகம் மாறியது. "பாத்திரச் சத்தம் கேட்டுத்தான் எட்டிப் பாத்தேன். உங்களுக்கு… யாரும் சொல்லலியா டீச்சர்?"

"என்ன சொல்லணும்?"

"உங்க அம்மா காலையில தவறிட்டாவளாம். வேன் ஏறும்போது உங்க கொழுந்தன் எங்க வீட்டு ஆளுட்ட சொல்லிட்டுப் போனாரு. நீங்களும் வேனுக்குள்ளதான் இருப்பியன்னு நெனச்சிட்டேன்."

இன்னா லில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. அதன் பொருள், நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம் என்பது. சாவுச் செய்தி கேட்டால் முஸ்லிம் வாயில் முதலில் வரும் சொல். அடுத்து என் கண் முன்னே வந்தது உம்மாவின் முகம் இல்லை. அந்தத் துவாலைகள்தான். சோறு கட்டாத குற்றாலப் பயணம். சத்தம் போடாத பிள்ளைகள். அவர்களையும் சேர்த்துப் பொய் சொல்லப் பழக்கிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"எப்ப எடுக்காவ, தெரியுமா?"

"மத்தியானப் பாங்குக்குப் பொறவுன்னு பேசிக்கிட்டாவ."

இத்தாவிலிருக்கும் பெண் தேவை இருந்தால் பகலில் வெளியே போய்வரலாம், இரவுக்குள் திரும்பிவிட வேண்டும். இதை நான் படித்திருந்தேன். பெற்றவளின் மையித்தைவிட ஒரு தேவை உண்டா? கையைத் துடைத்துக்கொண்டு புர்காவை மாட்டினேன்.

"பஸ்ஸுக்கு நின்னா நேரமாயிரும். நான் வண்டிய எடுக்கேன், ஏறுங்க" என்றாள் செல்லத்தாய். நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அப்படியே ஸ்கூட்டரை வெளியே தள்ளினாள்.

வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. இலத்தூர் விலக்கு தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். சாரல் முகத்திரைக்குள் புகுந்து கன்னத்தில் குத்தியது. என் கை செல்லத்தாயின் தோளைப் பிடித்திருந்தது. வீடு வந்து இறங்கியபோதுதான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று தெரிந்தது.

ஹஜ்ரத்தின் பதில்

தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மையித்தைத் தூக்கிப் போகும் சந்தூக் சுவரோரமாகத் தயாராக இருந்தது. என்னைக் கண்டதும் காக்கா வாசலிலிருந்து ஓடிவந்தார். அழுது கண் வீங்கியிருந்தது.

"ஏட்டி, நீ எப்படி வந்த? யாரு சொன்னா ஒனக்கு?"

"நீ சொல்லலியே காக்கா."

"இத்தாவுல இருக்கியேன்னுதான் சொல்லல. சொன்னா நீ துடிப்ப, வரவும் முடியாதுன்னு. அடக்கிட்டு, மையித்து வீட்டுக் காரியமெல்லாம் முடிஞ்ச பெறவு பக்குவமாச் சொல்லலாம்னு இருந்தோம்."

"நான் உம்மாவக் குளிப்பாட்டணும்."

"குளிப்பாட்டியாச்சு. கஃபனும் இட்டாச்சு. நீ திரும்பிப் போ. இருந்த இடத்துலயே ஓதி துஆ கேளு, உம்மாவுக்குப் போய்ச் சேரும்."

"அப்ப மொகத்தையாவது பாக்கேன்."

"ஊரே நிக்கி ஜொகரா! பள்ளிவாசல் ஜமாஅத்துல நான் பொறுப்புல இருக்கேன். ஒந்தங்கச்சியே இத்தாவ முறிச்சிட்டு வந்துட்டாளேன்னு நாளைக்குக் கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

முதல் நாற்காலியில் ஹஜ்ரத் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஹஜ்ரத், இத்தாவுல இருக்கிற பொம்பளை பெத்த தாயோட மையித்தைப் பாக்கப் பகல்ல வரலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க. கூடாதுன்னா இந்த நிமிசமே திரும்பிப் போயிருதேன்."

அவர் கையில் உருட்டிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணிமாலை நின்றது. அவருக்குப் பதில் தெரியும். பல வருடம் மதரஸாவில் ஃபிக்ஹு சட்டம் ஓதியவர். எனக்குத் தெரிந்ததைவிட நூறு மடங்கு அவருக்குத் தெரியும். அவர் என் காக்காவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்மா. ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா. பெரியவங்க ஒரு காரணமாத்தான் வச்சிருப்பாங்க…"

ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்லத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "ஏன் அண்ணாச்சி, பெத்த தாய் மொகத்தப் பாக்க இவ்வளவு பேர்ட்டயா கேக்கணும்?" என்று காக்காவிடம் கேட்டாள்.

"இது எங்க மார்க்க விசயம்மா. நீங்க தலையிடாதீங்க."

"டீச்சரும் மார்க்கத்தத்தான கேக்காவ. அவருதான் சொல்ல மாட்டேங்காரு."

அல்லாஹ்வுக்கும் அடியாருக்கும் நடுவில் ஆள் கிடையாது என்று படித்தவள் நான். அன்று நடுவில் ஒரு தெரு ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கூடாதுன்னு அவர் சொல்லல, எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றேன். காக்காவைத் தாண்டி உள்ளே போனேன். அவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

உள்ளே பெண்கள் விலகி வழிவிட்டார்கள். சிலர் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உம்மா வெள்ளைத் துணிக்குள் இருந்தார். முகம் மட்டும் திறந்திருந்தது. மூக்கில் பஞ்சு. தலைமாட்டில் மாமி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஜாக்கெட் கை முழங்கை வரை நனைந்திருந்தது. மூலையில் அந்தப் பை. துவாலைகள் ஈரமாகக் கொடியில் தொங்கின. உம்மாவின் உடலைத் துவட்டிய துவாலைகள்.

"நாந்தான் தண்ணி ஊத்துனேன்" என்றார் மாமி மெதுவாக. "ஒரு கொறையும் வைக்கல. நல்லபடியாச் செஞ்சோம்."

அதை அவர் உண்மையாகத்தான் சொன்னார். என் இடத்தில் நின்று நன்மை செய்துவிட்டதாக நம்பினார். நான் நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட எதிர்பார்த்திருப்பார். தண்ணீரின் சூட்டை முழங்கையில் விட்டுப் பார்த்தீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

உம்மாவின் நெற்றியில் முத்தமிட்டேன். சில்லென்று இருந்தது. கற்பூரம் மணத்தது. அவ்வளவுதான் நேரம் கிடைத்தது. "நேரமாச்சு" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. முகத்தை மூடினார்கள். சந்தூக் நகர்ந்தது. கலிமாச் சத்தம் தெருமுனை திரும்பிப் பள்ளிவாசல் பக்கம் போனது. எங்கள் பக்கம் பெண்கள் அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. வாசலோடு நின்றுகொண்டேன்.

அதன் பிறகு

பொழுது சாயும்போது வரும் மஃரிபு பாங்கு சொல்வதற்கு முன்பே தென்காசிக்குத் திரும்பிவிட்டேன். செல்லத்தாய்தான் கொண்டுவந்து விட்டாள். இரவில் அந்த வீட்டில் தங்க வேண்டும் என்பது சட்டம். அதை நான் மீறவில்லை.

மாமி வந்ததும் சொன்னார்: "இத்தா முறிஞ்சு போச்சு. முதல்லருந்து இரு."

"முறியல மாமி. நீங்க சொன்ன பொய்யில என் இத்தா முறியாது."

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசிய பேச்சு. மிச்ச நாட்களை அதே அறையில் இருந்து முடித்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன். முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு அருகில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனேன். மாமியின் சுற்றத்தில் ஒருவரும் என் வீட்டுப் படியேறவில்லை. அச்சன்புதூரில் ஒரு கல்யாணத்துக்கும் எனக்கு அழைப்பு வரவில்லை. யாரும் கூட்டம் போட்டு விலக்கவில்லை. ஒவ்வொருவராக விலகினார்கள்.

ஹஜ்ரத்தை ஒரு முறை கடைத்தெருவில் பார்த்தேன். ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் சொல்லிவிட்டுச் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். அவர் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். தெரியாதவர்கள் பேசினார்கள். தெரிந்தவர் பேசவில்லை.

பொறுத்துக்கோ

சில வருடங்கள் போயின. ஒரு நாள் மாலை காக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். புது வெள்ளை ஜிப்பா. வெளியே காரில் மதினி. ஹஜ்ஜுக்குப் பெயர் வந்திருக்கிறது என்றார்.

ஹஜ்ஜு எங்களுடைய கடமைகளில் ஐந்தாவது. வசதியும் உடம்பும் இருப்பவர்கள் வாழ்நாளில் ஒரு முறை போக வேண்டும். போவதற்கு முன்னால் உறவினர், அண்டை வீட்டார் எல்லோரையும் பார்த்து, 'பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பது வழக்கம். இது வெறும் ஊர் வழக்கமில்லை. ஆழமான காரணம் இருக்கிறது. இறைவனுக்குச் செய்த தவறை அவன் நாடினால் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த தவறை அந்த மனிதன் மன்னிக்க வேண்டும். அங்கே கஅபாவின் திரையைப் பிடித்துக்கொண்டு அழுதாலும், இங்கே இருக்கிறவளின் கணக்கு இங்கேதான் நிற்கும்.

காக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தேநீர் கொடுத்தேன்.

"அறிஞ்சோ அறியாமலோ ஏதும் தப்புச் செஞ்சிருந்தா பொறுத்துக்கோ ஜொகரா."

"எதைன்னு சொல்லு காக்கா."

"பொதுவாச் சொல்லுததுதானட்டி. எல்லார்ட்டயும் இப்படித்தான் கேட்டுட்டு வாரேன்."

"எல்லாருக்கும் நீ ஒரே தப்பா செஞ்ச?"

தேநீரைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. வாப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்கவைத்தவர். என் பள்ளிக் கட்டணத்துக்காக வெயிலில் நின்றவர். அதனால்தான் அவர் வாயிலிருந்து அதைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. உம்மா இறந்ததை உனக்குச் சொல்லவில்லை, ஊருக்குப் பயந்து உன்னை வாசலில் நிறுத்தினேன். இவ்வளவுதான். இரண்டு வரி. அதைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே பொறுத்திருப்பேன். அழுதிருப்பேன்.

"அன்னைக்கு நடந்தத ஒரு தடவை உன் வாயால சொல்லு" என்றேன். "அதுக்குப் பெறவு கேளு."

வெளியே கார் ஹாரன் அடித்தது. இன்னும் பல வீடுகள் பாக்கி போலிருக்கிறது.

எழுந்தார். "சரிட்டி. நேரமாவுது. நீ பொறுத்திட்டன்னே எடுத்துக்கிடுதேன்."

"எடுத்துக்கிடாத காக்கா."

என் குரல் உரக்கத்தான் வந்தது. அவர் காதில் விழுந்தது என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. திரும்பவில்லை. காரில் ஏறிவிட்டார்.

ஹஜ்ஜு முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தார். ஊரில் இப்போது அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பங்குக்கு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் மக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீர் ஒரு சின்னப் புட்டியும் யாரோ ஓர் ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஜம்ஜமை, கஅபா இருக்கும் கிப்லா திசை நோக்கி நின்று பிஸ்மி சொல்லிக் குடித்தேன். அது அல்லாஹ்வின் தண்ணீர், அதன் மேல் எனக்கு என்ன கோபம்?

காக்காவை இன்னும் பொறுக்கவில்லை. அன்று நடந்ததைச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை.